டிரம்மர் பையனுக்கு ஒரு க்ளோஸ்-அப்

எலெக்ட்ரிக் கிடார் என்றால் அதற்கு ஒரு வயர் உண்டு. வயரின் மறுமுனை ஓர் ஆம்ப்ளிஃபயரில் போய் முடியும். அது இல்லாவிட்டால் என்னதான் முட்டி மோதி வாசித்தாலும் பக்கத்தில் நிற்பவருக்குக் கொசு பாடுகிற மாதிரிதான் கேட்கும். கல்யாண ரிசப்ஷனில் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கரண்ட் போன கணத்தில் கிடார் கேட்டவர்களுக்கு இது தெரியும்.

இப்போது 1992-க்கு வாருங்கள். கன்ஸ் அண்ட் ரோஸஸ் என்ற அமெரிக்க ராக் குழு. 'நவம்பர் ரெயின்' என்ற பாட்டு. அதன் வீடியோவில் ஸ்லாஷ் என்கிற கிடார்காரர் ஒரு கல்யாணத்தின் நடுவில் சர்ச்சை விட்டு வெளியே நடந்து வருகிறார். சுற்றிலும் வெட்டவெளி. புழுதி. காற்றில் முடி பறக்கிறது. ஹெலிகாப்டரிலிருந்து காமிரா அவரை வட்டமிடுகிறது. கிடார் அலறுகிறது. வயர்? இல்லை. ஆம்ப்ளிஃபயர்? இல்லை. அந்த இடத்துக்கும் மின்வாரியத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இருப்பதாகத் தெரியவில்லை. யூ ட்யூபில் மட்டும் 100 கோடி தடவைக்கு மேல் இதைப் பார்த்துவிட்டார்கள். வயர் இல்லை என்பதற்காக யாரும் பாதியில் எழுந்து போகவில்லை.

இதற்குப் பெயர்தான் மரபு. காட்டுகிறவரும் பார்க்கிறவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட ஒரு பொய். நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊட்டிப் புல்வெளியில் கதாநாயகன் பாடும்போது நாற்பது வயலின்காரர்கள் எந்த மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நாம் என்றைக்காவது தேடியிருக்கிறோமா?

ராக் வீடியோவுக்கென்று இப்படி ஒரு தனி அகராதியே இருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். காலியான கோடவுன் ஒன்று வேண்டும். அதன் நடுவில் குழுவினர் யாருமே இல்லாத சபைக்கு உயிரைக் கொடுத்து வாசிக்க வேண்டும். பின்னாலிருந்து விளக்கு அடித்து முன்னால் புகை விட வேண்டும். பாடகர் முகம் பத்து செகண்டுக்கு ஒருமுறை திரையை அடைக்க வேண்டும். கிடார் தனியாவர்த்தனம் வந்தால் விரல்களுக்குக் க்ளோஸ்-அப். தாளத்துக்குத் தாளம் வெட்டு. இடையிடையே ஒரு காதல் கதை. பெரும்பாலும் தோல்வி. பையன் காட்டு வழியில் தனியே நடப்பான், பெண் ஒரு போட்டோவைக் கிழிப்பாள். டிரம்மர் கடைசி வரிசையில் முடியை ஆட்டிக்கொண்டிருப்பார். அவர் முகம் எப்படியிருக்கும் என்பது அவர் வீட்டுக்காரர்களுக்கு மட்டும் தெரியும்.

இதெல்லாம் ஏதோ சாமி வந்து ஆடியதால் பிறந்த விதிகள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பி.காம். படித்தவனுக்கு இந்த மாதிரி விஷயம்தான் முதலில் கண்ணில் படுகிறது.

1975 நவம்பரில் இங்கிலாந்தின் குவீன் குழு 'பொஹீமியன் ராப்ஸடி'க்கு ஒரு வீடியோ எடுத்தது. எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் சில மணி நேர வேலை, செலவு சில ஆயிரம் பவுண்டு. நோக்கம் கலைச்சேவை அல்ல. குழு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது டி.வி.யில் அவர்களுக்குப் பதிலாக ஒரு டேப் போய் வேலை பார்க்கட்டும் என்பதுதான். நாம் ஆபீஸில் நாற்காலியில் கோட்டை மாட்டிவிட்டு டீக்குப் போவோமே, அந்த டெக்னிக். 1981 ஆகஸ்ட் 1-ம் தேதி அமெரிக்காவில் எம்.டி.வி. ஆரம்பித்தது. அதன் பிறகு வீடியோ இல்லாத பாட்டு, போட்டோ இல்லாத ஜாதகம் மாதிரி ஆகிவிட்டது. ரெக்கார்டு கம்பெனி பணம் போடுகிறது. விற்க வேண்டியது பாடகரின் முகம். அதனால்தான் பத்து செகண்டுக்கு ஒரு க்ளோஸ்-அப்.

ஆண்ட்ரூ குட்வின் என்கிற ஆய்வாளர் 1992-ல் மியூஸிக் வீடியோக்களைப் பற்றி ஒரு தடிமனான விஷயத்தைப் புத்தகமாகவே எழுதினார். பாட்டு வரிக்கும் காட்சிக்கும் என்ன உறவு, இசைக்கும் வெட்டுக்கும் என்ன உறவு, கம்பெனி ஏன் க்ளோஸ்-அப் கேட்கிறது என்றெல்லாம் பிரித்து மேய்ந்திருக்கிறார். அவர் சொன்னதை ஆறு பாயிண்டாகச் சுருக்கி, இங்கிலாந்தின் ப்ளஸ் டூ பிள்ளைகள் பல வருஷம் மனப்பாடம் செய்தார்கள்.

அட, ப்ளஸ் டூவில் எதற்கு இது என்கிறீர்களா? அங்கே மீடியா ஸ்டடீஸ் என்று ஒரு பாடம். வேண்டாதவர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'மிக்கி மௌஸ் ஸப்ஜெக்ட்'. ஓ.ஸி.ஆர். என்ற தேர்வு வாரியம் 2008-ல் கொண்டுவந்த பாடத்திட்டத்தில் 100 மார்க்குக்கு ஒரு செய்முறை வேலை இருந்தது. மாணவர்கள் கூட்டாகச் செய்ய முடிந்தது, அதிகபட்சம் நாலு பேர். பலர் விழுந்தடித்துத் தேர்ந்தெடுத்தது மியூஸிக் வீடியோ. திட்டமிடலுக்கு 20 மார்க். வீடியோவுக்கு 40. கூடவே ஆல்பம் அட்டை, பத்திரிகை விளம்பரம் மாதிரி இரண்டு வேலைகளுக்குப் பத்துப் பத்தாக 20. மிச்சம் 20 மார்க், எடுத்து முடித்த பிறகு உட்கார்ந்து நாலு கேள்விக்குப் பதில் சொல்வதற்கு.

முதல் கேள்விதான் வேடிக்கை. நிஜ உலகத்தில் இருக்கும் படைப்புகளின் மரபுகளை உன் படைப்பு எந்தெந்த விதத்தில் பயன்படுத்துகிறது, வளர்க்கிறது அல்லது எதிர்க்கிறது?

யோசித்துப் பாருங்கள். நாங்கள் எழுதிய அக்கவுண்டன்ஸி பேப்பரில் "இந்த பாலன்ஸ் ஷீட்டில் நீ மரபை எவ்விதம் மீறியிருக்கிறாய்?" என்று ஒரு கேள்வி வந்ததே இல்லை. பாலன்ஸ் ஷீட்டில் மரபை மீறினவர்களைப் பற்றி தினசரியில் முதல் பக்கத்தில் செய்தி வரும், கூடவே போலீஸ் வேனில் ஏறுகிற மாதிரி போட்டோவும். இங்கே என்னடாவென்றால் பதினேழு வயசுப் பிள்ளையிடம் வாத்தியாரே, 'கலகம் பண்ணினாயா? எந்தெந்த இடத்தில்? விவரி' என்றார். மார்க்கும் போட்டார். ராக் என்பதே வாத்தியாரை எதிர்த்துப் பிறந்த சங்கீதம். அதை வாத்தியாரிடமே கொடுத்து ரைட் போட்டு வாங்குவது மாமியார் கையால் தனிக்குடித்தன சாவி வாங்குகிற மாதிரி.

அந்த வேலைகளைப் பல மாணவர்கள் யூ ட்யூபில் போட்டிருக்கிறார்கள். ராத்திரி வீடு அடங்கினதும் காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு நான் வரிசையாகப் பார்த்தேன். ஒன்று புரிந்தது. பலர் படிப்படியாக மரபைப் பின்பற்றுகிறார்கள். மீறல் என்று காட்டுவதில் பாதி, எடுத்து முடித்த பிறகு கண்டுபிடித்த மீறலோ என்று எனக்கு ஒரு சந்தேகம். டிரம் வாடகைக்குக் கிடைக்கவில்லையா? "டிரம்மரைக் காட்டாததன் மூலம் மரபை எதிர்த்தோம்." வெளிச்சம் போதவில்லையா? "இருட்டைப் பயன்படுத்தி எதிர்பார்ப்பைக் கலைத்தோம்." ஆடிட்டுக்கு முந்தின நாள் வவுச்சர் எழுதுகிற நமக்கு இந்தக் கலை புதுசில்லை.

ஆனால் இதைச் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. காரணம், கோல்ட்ப்ளே.

2000-ல் 'யெல்லோ' என்ற பாட்டுக்கு அவர்கள் எடுத்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தின் தெற்குக் கரையில் ஸ்டட்லண்ட் கடற்கரை. மழைக்கோட்டு போட்ட பாடகர் கிறிஸ் மார்ட்டின் தன்னந்தனியாகக் காமிராவை நோக்கி நடந்துகொண்டே பாடுகிறார். ஒரே ஷாட். வெட்டே கிடையாது. குழு இல்லை. கிடார் இல்லை. காதல் கதை இல்லை. அகராதியில் பாதிப் பக்கத்தைக் கிழித்துக் கடலில் போட்டாயிற்று.

போட்ட திட்டம் அதுவல்ல. வெயில், கூட்டம், கொண்டாட்டம் என்றுதான் யோசித்திருந்தார்கள். வந்தது மழை. அதைவிடப் பெரிய விஷயம், டிரம்மர் வில் சாம்பியனின் தாயாருக்கு அன்றைக்கு இறுதிச் சடங்கு. அதனால்தான் மற்றவர்கள் வீடியோவில் இல்லை.

பார்க்கிற நமக்கு இது எதுவும் தெரியாது. தெரியாமலே அந்த வீடியோ நெஞ்சில் உட்காருகிறது. ஏன்? உடைத்ததை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது, உடைக்காமல் வைத்துக்கொண்டதையும் பார்க்க வேண்டும். பாடகர் முகம் இருக்கிறது. உதடு பாட்டோடு ஒட்டுகிறது. அதிலும் ஒரு வித்தை. பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அதே வேகத்தில் அவர் பாட, காமிரா செகண்டுக்கு 25-க்குப் பதில் 50 ஃப்ரேம் எடுத்தது. பிறகு சாதாரண வேகத்தில் ஓட்டினால் நடை, அலை, முடி எல்லாம் கனவு மாதிரி மெதுவாகப் போகும், உதடு மட்டும் பாட்டோடு சரியாக நிற்கும். வெட்டு என்ற மரபைத் தூக்கியெறிந்தார்கள், உதடு என்ற மரபை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். ஒற்றைக் காலில் நிற்கிறவன் அந்த ஒரு காலையாவது தரையில் அழுத்தி ஊன்ற வேண்டும் இல்லையா?

நல்ல மீறல் எல்லாவற்றிலும் இதே கணக்குதான். 2006-ல் ஓகே கோ குழு எட்டு ட்ரெட்மில்லை வரிசையாகப் போட்டு அதில் நடனம் ஆடியது. கையில் ஒரு வாத்தியம் கிடையாது. ஆனால் தாளத்துக்குத் தாளம் அசைவு என்ற பழைய விதியை இம்மி பிசகாமல் பிடித்துக்கொண்டார்கள். எடிட்டர் வெட்ட வேண்டிய இடத்தில் இவர்கள் கால் தாவியது. 2007-ல் கிராமி கிடைத்தது. 1995-ல் ரேடியோஹெட் 'ஜஸ்ட்' பாட்டுக்கு ஒரு வீடியோ எடுத்தது. நடைபாதையில் ஒருவர் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுக்கிறார். கூட்டம் கூடி ஏன் ஏன் என்கிறது. பேச்சு எழுத்தாகக் கீழே ஓடுகிறது. கடைசியில் அவர் காரணத்தைச் சொல்கிறார், அப்போது பார்த்து எழுத்தை நிறுத்திவிட்டார்கள்! அடுத்த காட்சியில் கூட்டமே தரையில் படுத்துக் கிடக்கிறது. கதை என்ற மரபு முழுசாக இருக்கிறது, முடிவு மட்டும் மிஸ்ஸிங்.

இன்னொரு சங்கடமும் உண்டு. இன்றைய மீறல் நாளைய மரபு. 1991-ல் நிர்வாணா குழு 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்'டுக்காகப் பள்ளிக்கூட ஜிம்னேஸியம் மாதிரி ஒரு செட்டில் எடுத்தது. பெஞ்சில் உட்கார வைத்திருந்த பிள்ளைகள் மணிக்கணக்கில் உட்கார்ந்து வெறுத்துப்போய், கடைசியில் இறங்கி ஆடி செட்டை நாசமாக்கினார்கள். அந்த நாசம் நிஜம். அதற்கப்புறம் அழுக்குச் சட்டை, மங்கிய மஞ்சள் வெளிச்சம், உடைக்கிற கிடார் எல்லாம் யூனிஃபார்ம் ஆகிவிட்டது. 'நான் யாருக்கும் அடங்க மாட்டேன்' என்று எல்லோரும் ஒரே டிஸைன் டீ ஷர்ட்டில் எழுதிக்கொண்டால் என்ன செய்வது?

சரி, விமரிசனம் சுலபம். நாமே ஒன்று எடுத்துப் பார்ப்போமா? கற்பனைக்குச் செலவில்லை. நீங்களும் நானும் பதினேழு வயசு. இங்கிலாந்தில் ஏதோ ஒரு மழை ஊர். நாலு பேர் குரூப். பட்ஜெட் பூஜ்யம். ஸ்கூல் காமிரா ஒன்று, ட்ராமா ஹாலின் கறுப்புத் திரை ஒன்று, ஸ்கூல் பாண்டின் டிரம் செட் ஒன்று. நம்மில் ஒருவன் பாடுவான், ஒருவன் கிடார், ஒருவன் டிரம்ஸ். டிரம்ஸ்காரன் வாயைத் திறந்து பேசி யாரும் பார்த்ததில்லை. நாலாவது ஆசாமி காமிரா. அவன்தான் கையில் மார்க் விவரத்தாளை வைத்துக்கொண்டு சுற்றுவான். எதைச் சொன்னாலும், "மார்க் போயிடும்டா" என்பான். அவனைக் கேலி செய்யாதீர்கள். அவனுக்கு அந்த மார்க்கை வைத்துத்தான் காலேஜ்.

முதலில் மரபுப்படி. பாட்டை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஆரம்பத்திலிருந்து கடைசி வரை வாசிக்கிற மாதிரி நடிக்க வேண்டும். பிறகு காமிராவை நகர்த்திவைத்து மறுபடி முழுசாக. அகலமாக ஒன்று, பாடகர் முகம் ஒன்று, விரல் ஒன்று, டிரம் ஒன்று. ஏழெட்டுத் தடவை ஆனதும் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி, பாட்டோடு பொருத்தி, வேண்டிய இடத்தில் வெட்டுவது. இதிலேயே தாவு தீர்ந்துவிடும். முடிவில் பார்த்தால் நம் வீடியோ மற்ற ஆயிரம் வீடியோ மாதிரியே இருக்கும். பாஸ் மார்க் நிச்சயம். வீட்டில் போட்டுக் காட்டலாம். அம்மா அழுவாள்.

அப்போது யாருக்கோ ஒரு யோசனை வருகிறது. உங்களுக்கு என்றே வைத்துக்கொள்வோம்.

"டேய், மூணரை நிமிஷமும் டிரம்மரையே காட்டினா என்ன?"

அமைதி.

"பாடறவன் முன்னால நிப்பான். ஆனா அவுட் ஆஃப் ஃபோகஸ். முதுகு மட்டும். ஃபோகஸ் முழுக்கப் பின்னால உக்காந்திருக்கறவன் மேல."

"மார்க் போயிடும்டா" என்கிறான் நாலாமவன். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பாடகர் முகத்தை விற்பதற்காக ஏற்பட்ட விதியையே தலைகீழாகக் கவிழ்க்கிறோம். அதைவிட அபாயம், டிரம்ஸ் நடிப்பது கஷ்டம். கிடார் விரலில் ஏமாற்றலாம். குச்சி தோலில் படுகிற கணத்தில் ஏமாற்ற முடியாது. செகண்டுக்கு 25 ஃப்ரேமில் ஒரு ஃப்ரேம் 40 மில்லி செகண்டு. நாலைந்து ஃப்ரேம் தள்ளிப்போனால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். வெட்டி வெட்டி மறைக்கவும் வழியில்லை. மூணரை நிமிஷமும் பையன் அசலாக வாசிக்க வேண்டும். மூணு வாரமாவது ப்ராக்டீஸ் வேண்டும்.

ஓட்டு எடுக்கிறோம். ஆதரவு இரண்டு. எதிர்ப்பு இரண்டு. எதிர்த்து ஓட்டுப் போட்ட இன்னொருவன் யார் தெரியுமா? டிரம்மர். "என்னை விட்டுடுங்கடா."

இந்த இடத்தில்தான் அந்தக் கேள்வித்தாளை இன்னொரு தடவை படிக்கச் சொல்வேன். பயன்படுத்துகிறது, வளர்க்கிறது 'அல்லது' எதிர்க்கிறது. அந்த 'அல்லது'வைத்தான் அவசரத்தில் பலரும் தாண்டிப் போகிறார்கள். கலகம் செய்தே ஆக வேண்டும் என்று வாரியம் யாரையும் மிரட்டவில்லை. நீ எதைச் செய்தாலும் தெரிந்து செய்தாயா என்பதுதான் அதன் கேள்வி. இது ராக்குக்கு மட்டுமா? ஃபைலில் மூணு காப்பி எதற்கு என்று தெரிந்து மூணு காப்பி எடுக்கிறவர் ஒரு ரகம். முன்னால் இருந்தவர் எடுத்தார், நானும் எடுக்கிறேன் என்பவர் இன்னொரு ரகம். எல்லாவற்றையும் எதிர்ப்பேன் என்று காப்பியே எடுக்காமல் விடுகிற புது ஆசாமி மூணாவது ரகம். அவர் எடுக்காமல் விட்ட அந்த ஒரு காப்பி, போன வருஷம் ரிடையரான ஒரு பியூனின் பென்ஷன் பேப்பராக இருக்கும். முதல் ரகத்துக்காரரிடம்தான், "ஸார், இதில் ஒரு காப்பி குறைச்சால் என்ன?" என்று கேட்கலாம். எதை எடுத்தால் எது விழும் என்று அவருக்குத்தான் தெரியும்.

டிரம்மரைக் காட்டுவதற்குக் காரணம் இருக்கிறதா? இருக்கிறது. பாட்டை நடத்துகிறவனே அவன்தான். ஆரம்பிக்கச் சொல்வதும் அவன், நிறுத்தச் சொல்வதும் அவன். நமக்கு முகம் தெரியாது, அவ்வளவுதான். ஒவ்வோர் ஆபீஸிலும் டெஸ்பாட்ச்சில் அப்படி ஒருவர் உண்டு. அவர் லீவு போட்ட அன்றைக்குத்தான் பெயரே தெரியவரும்.

கெஞ்சிக் கூத்தாடி, ஒரே ஒரு முப்பது செகண்ட் மட்டும் சோதனைக்கு எடுக்கிறோம். பாட்டின் நடுவில் டிரம்ஸ் ஓய்ந்து, கிடார் மட்டும் மெதுவாகப் போகும் இடம். பையனுக்கு வேலையில்லை. குச்சியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். காமிரா அவன் முகத்தில்.

அதை ஸ்கூல் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கும்போதுதான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று தெரிகிறது. அவன் உதடு அசைகிறது. பாடவில்லை, எண்ணுகிறான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. தான் மறுபடி நுழைய வேண்டிய இடத்துக்காக, யாருக்கும் கேட்காமல், பாட்டு முழுவதையும் வாய்க்குள் எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். உதடு பாட்டோடு ஒட்ட வேண்டும் என்பதுதானே விதி? இதைவிட ஒட்டி எந்தப் பாடகர் உதடு அசைந்திருக்கிறது?

முப்பது செகண்ட் முடிகிறது. மார்க் தாளை வைத்திருந்தவன் ஒன்றும் பேசவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறான்.

"இதுக்கு எவ்வளவு மார்க்குன்னு எனக்குத் தெரியலடா" என்கிறான். "இன்னொரு தடவை போடு."